அத்தியாயம் 5: ஏறட்டும், தொங்கட்டும், குதிக்கட்டும்

1995ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்காக, 6 முதல் 10 வயது வரையுள்ள 15 குழந்தைகளை ஆய்வாளர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்ட பொழுதை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டு, 3 விநாடிக்கு ஒருமுறை குழந்தை என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். ஓடுவது, தாவுவது, நிற்பது, உட்காருவது எல்லாம் கணக்கில் ஏறின. கடைசியில் தெரியவந்தது இதுதான்: மூச்சு வாங்கும் அளவு வேகமான அசைவுகளில் பாதி, 3 விநாடியைக்கூடத் தாண்டவில்லை. நூற்றுக்கு 95 அசைவுகள் 15 விநாடிக்குள் முடிந்துவிட்டன. ஒரு பாய்ச்சல், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு பாய்ச்சல். நாள் முழுக்க இப்படித்தான்.

“ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறான்” என்று வீட்டில் சலித்துக்கொள்வது இந்த இயல்பைப் பற்றித்தான். அரை மணி நேரம் ஒரே சீராக நடப்பதும் ஓடுவதும் பெரியவர்களுக்கான உடற்பயிற்சி. வளரும் உடல் வேலையைத் துண்டு துண்டாகச் செய்கிறது. நான்கு படி ஏறி, சறுக்கி இறங்கி, மணலில் விழுந்து எழுந்து, திரும்ப ஏணிக்கு ஓடும் குழந்தைக்கு யாரும் பயிற்சி அட்டவணை எழுதித்தர வேண்டியதில்லை. விளையாட்டுத் திடல் அந்தத் தாளத்துக்கு இடம் கொடுக்கிறது.

அந்தத் திடலில் எது உடலின் எந்தப் பகுதிக்கு வேலை கொடுக்கிறது, எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம், பெரியவர்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும் என்பவற்றை இந்த அத்தியாயம் சொல்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும், 2020இல் 5 முதல் 17 வயதினருக்கும் தெளிவான அளவுகளை வெளியிட்டது.

ஒரு வயது நிறையாத, இன்னும் தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவைத்து விளையாட விட வேண்டும். இது பகலில் விட்டுவிட்டு மொத்தம் 30 நிமிடமாவது இருக்க வேண்டும். 1 முதல் 4 வயது வரை, நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட அசைவு தேவை. 3 வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் விளையாட்டாக இருக்க வேண்டும். 5 வயதுக்கு மேல் சராசரியாக நாளுக்கு 60 நிமிட வேகமான விளையாட்டு. வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் தாவல், ஏற்றம், தொங்கல் போன்றவை.

180 நிமிடம் என்றதும் பெற்றோர் மலைத்துப்போக வேண்டாம். அது ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய கணக்கில்லை. காலையில் வாசலில் 20 நிமிடம், மதியம் கூடத்தில் பந்தை உருட்டிக்கொண்டு அரை மணி, மாலையில் பார்க்கில் ஒரு மணி நேரம், கடைக்கு நடந்துபோய் வருவது என எல்லாம் சேரும். அதே வழிகாட்டுதல் இன்னொன்றையும் சொல்கிறது: தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ சிறு குழந்தையை ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது.

உலகம் இந்த அளவிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்றின்படி, 2016இல் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. இந்த இடைவெளிக்கு நாம் பின்னால் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

ஊஞ்சல்

காதுக்குள், கேட்கும் உறுப்பை ஒட்டியே, சமநிலைக்கான உறுப்புகள் இருக்கின்றன. அரைவட்டக் குழாய்கள் மூன்று. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றில் உள்ள திரவம் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். அவற்றுக்குக் கீழே இரண்டு சிறு பைகள். நேர்கோட்டில் முன்னும் பின்னும் மேலும் கீழும் போவதையும், புவியீர்ப்பின் திசையையும் அவை உணரும். ஊஞ்சல் வீசும் ஒவ்வொரு முறையும் இந்த உறுப்புகள் அனைத்துக்கும் வேலை உண்டு. கண் பார்ப்பதையும் காது உணர்வதையும் தசை தாங்குவதையும் மூளை ஒன்றோடொன்று பொருத்திப் பழகுகிறது. நடக்கையில் தடுக்கினால் சட்டென்று காலை ஊன்றிக்கொள்ளும் திறன் இப்படிப் பழகிப் பழகி வருவதுதான்.

மூன்று வயதுவரை பெரும்பாலும் யாராவது தள்ளிவிட வேண்டியிருக்கும். நான்கு, ஐந்து வயதில் குழந்தை தானே ஊஞ்சலாடக் கற்றுக்கொள்கிறது. முன்னால் போகும்போது காலை நீட்டி உடலைப் பின்னால் சாய்ப்பது, பின்னால் வரும்போது காலை மடக்கி முன்னால் குனிவது என்று இதில் வயிறு, முதுகு, தொடை, கை எல்லாத் தசைகளும் சரியான நொடியில் சேர்ந்து இயங்க வேண்டும். சொல்லிக்கொடுத்து இது வருவதில்லை. ஆகவே நான்கு வயதுக் குழந்தை “தள்ளி விடுங்க” என்று கேட்டால் இரண்டு முறை தள்ளிவிட்டு, மூன்றாவது முறை கொஞ்சம் காத்திருப்பது நல்லது. கால் தானாக நீளத் தொடங்கும்.

சறுக்கு மரம்

சறுக்குவது சில விநாடிதான். உடலுக்கான வேலையில் பெரும்பகுதி ஏணியிலேயே நடக்கிறது. இடக்கால், வலக்கை, வலக்கால், இடக்கை என்று மாற்றி மாற்றி வைத்து ஏறுவது உடலின் இருபக்கங்களையும் சேர்த்து இயக்கும் பயிற்சி. உச்சியில் நின்று, திரும்பி, உட்காருவதில் சமநிலை. இறங்கும்போது பின்னால் சாய்ந்துவிடாமல் நிமிர்ந்திருக்க வயிற்றுத் தசை.

இங்கே பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சிறு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சறுக்கக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான் இதில் ஆபத்தாகிறது. குழந்தையின் செருப்போ காலோ சறுக்கின் ஓரத்தில் சிக்கிக்கொண்டால், தனியாக இருக்கும் குழந்தை அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் பின்னாலிருக்கும் பெரியவரின் எடை முழுவதும் கீழ்நோக்கி இழுக்க, சிக்கிய கால் முறுக்கி எலும்பு முறிகிறது. அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை ஆறு வயதுக்குட்பட்டவர்களில் மூன்றரை லட்சம் பேர் சறுக்கு மரத்தில் காயமடைந்ததாக மதிப்பிட்ட ஓர் ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்பு முறிவுகள்; பெரும்பாலும் கீழ்க்காலில். குழந்தை தனியாகச் சறுக்கும் துணிவு வரும்வரை காத்திருக்கலாம்; அல்லது உயரம் குறைந்த சறுக்கில், பக்கத்தில் நின்று கையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

ஏறுசட்டமும் மங்கி பாரும்

இரும்புக் குழாய்களைக் கட்டங்கட்டமாக இணைத்த ஏறுசட்டத்தின் பின்னே ஒரு கணிதப் பேராசிரியரின் கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் ஆசிரியராக இருந்த சார்லஸ் ஹிண்டன், தம் பிள்ளைகளுக்கு மூன்று பரிமாண வெளியைப் புரியவைக்க மூங்கிலால் ஒரு சட்டகம் கட்டினார். நீளம், அகலம், உயரத்துக்கான எண்களை அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் அந்தச் சந்திப்புக்கு ஏறிப்போய்ப் பிடிக்க வேண்டும். கணிதம் எவ்வளவு ஏறியதோ, பிள்ளைகளுக்கு ஏறுவது பிடித்துப்போனது. அந்த நினைவில் அவர் மகன் செபாஸ்டியன் ஹிண்டன், அமெரிக்காவில் காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர், 1920இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1923இல் அது கிடைத்தது. சிகாகோவை ஒட்டிய வின்னெட்கா நகரப் பள்ளிகளில்தான் முதல் சட்டங்கள் நின்றன.

அப்பாவின் எண்ணமும் வீண்போகவில்லை என்று சொல்ல இடமிருக்கிறது. சட்டத்தில் ஏறும் குழந்தை ஒவ்வொரு கணமும் அளவெடுக்கிறது: அடுத்த குழாய் கைக்கு எட்டுமா, இந்த இடைவெளியில் தலையும் தோளும் நுழையுமா, இந்தக் காலை எடுத்தால் உடம்பு எந்தப் பக்கம் சாயும்? தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள் கை, கால் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்காமலே மூளைக்குச் சொல்கின்றன. ஏறுவதும் தொங்குவதும் அந்த உணர்வுக்கு நல்ல தீனி.

மங்கி பாரில் தொங்குவது விரல், மணிக்கட்டு, முன்கை, தோள் என்று வரிசையாக வலுவூட்டுகிறது. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். அவை ஒவ்வொன்றாகக் கெட்டியாகி வர, பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி ஆகிறது. மூன்று வயதிலேயே பென்சிலைக் கையில் திணித்து வரிவரியாக எழுதச் சொல்லும் வீடுகள் இதை நினைவில் வைக்க வேண்டும். பென்சில் நேராக ஓட, விரலுக்குப் பின்னால் தோளும் முழங்கையும் அசையாமல் தாங்கி நிற்க வேண்டும். அந்தத் தாங்கும் வலு தொங்குவதிலும், கை ஊன்றித் தவழ்வதிலும், மணல் வாளியைத் தூக்குவதிலும் வருகிறது.

குதிப்பதும் எலும்பும்

எலும்பு தன்மீது விழும் சுமையை உணர்ந்து அதற்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் உயிருள்ள திசு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பருவமடையாத குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. ஒரு குழுவினர் 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து ஒரு வேளைக்கு 100 முறை, வாரம் மூன்று நாள், ஏழு மாதம் குதித்தார்கள். மற்றக் குழுவினர் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சிகள் மட்டும் செய்தார்கள். குதித்தவர்களுக்குத் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் 4.5 விழுக்காடும், கீழ் முதுகெலும்பில் 3.1 விழுக்காடும் கனிமச்சத்து கூடுதலாகச் சேர்ந்திருந்தது.

வீட்டில் யாரும் பெட்டி அடுக்கி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பாண்டி ஆடும் சிறுமி ஒரு மாலையில் எத்தனை முறை ஒற்றைக்காலில் தாவுகிறாள் என்று பார்த்தாலே போதும். பச்சைக்குதிரை, ஸ்கிப்பிங், மணல்மேட்டிலிருந்து குதிப்பது எல்லாம் எலும்புக்குச் சுமை கொடுப்பவை.

எலும்பு மிக வேகமாகச் சேரும் காலம் பெண்களுக்குப் பன்னிரண்டரை வயதையும், ஆண்களுக்குப் பதினான்கு வயதையும் ஒட்டி வருகிறது. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து பார்த்து, வளர்ந்த உடலில் இருக்கும் எலும்புக் கனிமத்தில் ஏறத்தாழ கால் பங்கு அந்த வயதை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்வதைக் கண்டார்கள். நம் ஊரில் பல வீடுகளில் “பெரிய பொண்ணாயிட்டா, இனிமே என்ன ஓட்டமும் சாட்டமும்” என்று பெண் பிள்ளைகளைத் தெருவிலிருந்து உள்ளே அழைத்துக்கொள்வதும் இந்த ஆண்டுகளில்தான். உடலுக்கு விளையாட்டு அதிகம் தேவைப்படும் நேரத்தில் அதைப் பறிப்பது பெரிய அநியாயம். ஐம்பது, அறுபது வயதில் எலும்பு நொறுங்கிப்போவது பெண்களிடமே அதிகம். அதற்கான சேமிப்பு பன்னிரண்டு வயதில் நடக்கிறது. மாலையில் அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஷட்டில் ஆடவோ கொக்கோ ஆடவோ வீட்டுப் பெரியவர்களே இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். மாதவிடாய் நாள்களில் உடல் ஒத்துழைத்தால் விளையாடுவதில் தவறேதும் இல்லை.

வெறுங்காலும் மண்ணும்

மணிப்பால் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 1992இல் வெளியான அந்த ஆய்வின்படி, செருப்போ ஷூவோ அணிந்து பழகிய குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குப் பாதம் தட்டையாக இருந்தது. வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கே அப்படி. முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் தட்டைப் பாதம் அதிகம். சாதாரணச் செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவு. பாதத்தின் வளைவு உருவாகும் சிறு வயதில் மணலிலும் புல்லிலும் கால் விரல்கள் பற்றிப் பற்றி நடப்பதற்கு இடம் வேண்டும்.

கூடவே எச்சரிக்கையும் தேவை. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களை ஒட்டிய ஈரமண்ணில் கொக்கிப்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய் இரத்தசோகையை உண்டாக்கும். ஆகவே சுத்தமான மணலிலும் புல்தரையிலும் வெறுங்கால். சந்தேகமான இடத்தில் செருப்பு. விளையாடி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவதும், நகம் வெட்டி வைப்பதும் பழக்கமாக வேண்டும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

கண்ணுக்கும் வெளிச்சம்

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்கும் பாடவேளை வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் நடந்த மற்ற ஆறு பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015இல் வெளியான இந்த முடிவுக்கு முன்பே, 2010இல் தைவான் அரசு பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. வெளியே உள்ள பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைன் சுரக்கச் செய்து, கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பது நிபுணர்களின் கருத்து. இதற்கு வெயிலில் நிற்க வேண்டியதில்லை. மரநிழலில்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

வயதும் திறனும்

குழந்தைகள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே திறனை எட்டுவதில்லை. கீழே உள்ளது பொதுவான வரிசை.

1 முதல் 2 வயது: நடை, பந்தை உருட்டுவது, படியில் கை ஊன்றித் தவழ்ந்து ஏறுவது. மணலும், புல்தரையும், தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டியும் போதும்.

2 முதல் 3: ஓட்டம், இரு காலையும் சேர்த்துக் குதிப்பது, பந்தை உதைப்பது. முழங்கால் உயரமுள்ள சிறு மேடுகள், தாழ்வான சறுக்கு.

3 முதல் 4: மூன்று சக்கர சைக்கிள், கால் மாற்றிப் படியேறுவது, ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்பது. சிறிய ஏறுசட்டம், ஊஞ்சல்.

4 முதல் 6: நொண்டியடிப்பது, பந்தைப் பிடிப்பது, தானே ஊஞ்சலாடுவது, கம்பியில் தொங்குவது.

6க்கு மேல்: மங்கி பாரைக் கடப்பது, ஸ்கிப்பிங், கிளித்தட்டு, கொக்கோ, கபடி போல விதிகளும் உத்தியும் உள்ள ஆட்டங்கள்.

தூக்கி விடாதீர்கள்

இந்த அத்தியாயத்தில் பெற்றோர் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால், இதைக் கடைப்பிடிக்கலாம்: குழந்தை தானே ஏற முடியாத உயரத்துக்கு அதைத் தூக்கிவிடக் கூடாது.

தானாக ஏறிய உடலுக்கு அந்த உயரம் தெரியும். வந்த வழியின் ஒவ்வொரு பிடியையும் கையும் காலும் அறிந்திருக்கும். பயம் வந்தால் அதே வழியில் இறங்கும். தூக்கி உட்காரவைக்கப்பட்ட குழந்தைக்கு அந்த அறிவு இல்லை. இறங்கத் தெரியாமல் விழுவதும், மிரண்டுபோய் அடுத்த நாள் அந்தப் பக்கமே போகாமலிருப்பதும் இதனால்தான். எட்டாத கம்பியை இன்று எட்டாமலேயே விடலாம். கைக்கு வலு வந்ததும் அது எட்டும்.

நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர், குழந்தைகள் விரும்பித் தேடும் துணிச்சலான விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நெருப்பும் நீரும் போன்றவற்றின் அருகில் விளையாடுவது, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் தனியே திரிவது. கனடாவின் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய வெளிப்புற விளையாட்டுகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் நல்லவை என்று மருத்துவர்களே பெற்றோரிடம் எடுத்துச்சொல்லும்படி கேட்டுக்கொள்கிறது. அந்த அறிக்கை துணிச்சலையும் ஆபத்தையும் பிரித்துக் காட்டுகிறது. குழந்தை பார்த்து, எடைபோட்டு, தானே முடிவெடுக்கக்கூடியது துணிச்சல்: இந்தக் கிளையில் இன்னும் ஏறலாமா? குழந்தையால் காண முடியாதது ஆபத்து: துருப்பிடித்து உள்ளுக்குள் இற்றுப்போன கம்பி. முன்னதைக் குழந்தையிடம் விட்டுவிட்டு, பின்னதை நீக்குவது பெரியவர்களின் பொறுப்பு.

“பாத்து, விழுந்திருவ!” என்ற கூச்சல் கவனத்தைச் சிதறடிக்கும். அதற்குப் பதில் “அடுத்து எந்தக் கம்பியப் பிடிக்கப் போற?”, “கால் எங்க இருக்கு பாரு” என்று கேட்டால் கண்ணும் காலும் வேலையில் இறங்கும். மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குக் கண் எட்டும் தூரம் போதும். கை எட்டும் தூரமானாலும் கண் எட்டும் தூரமானாலும், செல்போன் பையிலேயே இருக்கட்டும்.

விளையாட விடுவதற்கு முன்

திடலுக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிடம் செலவழித்து இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

தரை: பலத்த காயங்களில் பெரும்பகுதி விழுவதால் வருகிறது. எந்த உயரத்திலிருந்து விழுகிறது என்பதோடு, எதன் மீது விழுகிறது என்பதும் முக்கியம். சிமென்ட், பேவர் பிளாக், இறுகிய மண் மூன்றும் கூடாது. புல்தரையும் மிதிபட்டு இறுகிவிடும் என்பதால் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதையும் ஏற்பதில்லை. அதன் கையேட்டின்படி 23 சென்டிமீட்டர் ஆழ மணல், ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். மணல் நாளடைவில் ஓரத்துக்கு ஒதுங்கும். அடிக்கடி கிளறி நிரவ வேண்டும். நாய்களும் பூனைகளும் அசுத்தம் செய்யாமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும்.

இடைவெளி: கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் வெறும் இடம். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அதைவிட அதிகம். கம்பிகளுக்கு நடுவே 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையுள்ள சந்துகளில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

கழுத்து: பள்ளி ஐடி கார்டு கயிறு, துப்பட்டா, தண்ணீர் பாட்டில் பட்டை, நீளச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். சறுக்கிலும் சட்டத்திலும் இவை மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

வெப்பம்: இரும்புச் சறுக்கு மட்டுமின்றி பிளாஸ்டிக்கும் ரப்பர் தரையும்கூட நம் ஊர் வெயிலில் தோலைப் பொசுக்கும். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, தாங்க முடியாவிட்டால் குழந்தையை விடக் கூடாது. அக்னி நட்சத்திர நாள்களில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் விளையாடினால் போதும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் கொடுக்க வேண்டும்.

கருவி: ஆடும் கால்கள், நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட், அறுந்துகொண்டிருக்கும் சங்கிலி, துரு. பார்த்ததும் போட்டோ எடுத்து, மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ புகாராக அனுப்ப வேண்டும்.

திடல் இல்லாத தெருவில்

ஆம்ஸ்டர்டாமில் 1947இல் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர், பெர்டல்மான்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் ஒரு மணல்தொட்டி, தாவிச் செல்லச் சில கற்கள், குட்டிக்கரணம் அடிக்கக் கம்பிகள் ஆகியவற்றை வைத்தார். அக்கம்பக்கத்தார் தங்கள் பகுதிக்கும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1978க்குள் அந்நகரில் 700க்கும் மேற்பட்ட திடல்கள் எழுந்தன. பலவும் போருக்குப் பின் வெறுமையாகக் கிடந்த மனைகளிலும், இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட துண்டு நிலங்களிலும் அமைந்தவை. விலையுயர்ந்த கருவிகள் அவற்றில் இல்லை.

நம் ஊரில் அதற்கும் முன்பே, கருவியே இல்லாமல் விளையாடிய மரபு உண்டு. பாண்டிக்குத் தேவை ஒரு கரித்துண்டும் ஒரு சில்லும். ஒற்றைக்கால் சமநிலையும் கணுக்கால் வலுவும் கிடைக்கின்றன. கிளித்தட்டில் சட்டென்று திரும்பி ஓடும் வேகம். பச்சைக்குதிரையில் கை ஊன்றித் தாண்டும் வலு. கிட்டிப்புள்ளில் கண்ணும் கையும் இணையும் குறி. ஆனால் புள் யார் கண்ணையும் தாக்காத அளவுக்குத் திறந்த இடம் வேண்டும். கயிறு இழுப்பதில் முதுகும் பிடியும். அஞ்சாங்கல்லில் விரல் நுனிகள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கார்கள் நிற்கும் இடத்தின் ஒரு மூலையை மாலை 5 முதல் 6.30 வரை வண்டி வராமல் ஒதுக்கிவைத்தாலே இவற்றில் பாதி நடக்கும்.

பள்ளியில் கேட்பதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்றும், வகுப்புகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதைப் பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். கிராமங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களின் கிராம சபையில் திடலுக்கான இடத்தைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்குச் சாய்தளம், முதுகுத் தாங்கலுள்ள ஊஞ்சல், இடுப்பு உயரத்தில் மணல்மேசை ஆகியவற்றையும் அந்தக் கோரிக்கையிலேயே சேர்ப்பது நல்லது. பின்னால் சேர்ப்பதைவிட முதலிலேயே அமைப்பது செலவு குறைவு.

திடலில் கண்ணில்படும் அறிகுறிகள்

விளையாடும்போது கவனித்தால், வீட்டில் தெரியாத சில விஷயங்கள் தெரியவரும். மற்றக் குழந்தைகள் பக்கத்திலேயே இருப்பதால் வேறுபாடு எளிதில் பிடிபடும். ஒருமுறை பார்த்ததை வைத்துப் பதற வேண்டாம். தொடர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காமலிருப்பது. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி, மறு கையை மடக்கியே வைத்திருப்பது. நடந்து பழகிய பின்னும் எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது. காரணமில்லாமல் நொண்டுவது. சிறிது ஓடினாலே உதடு நீலம் பாரிப்பது அல்லது மூச்சுத் திணறி உட்கார்ந்துவிடுவது. முன்பு செய்த ஒன்றை இப்போது செய்ய முடியாமல் போவது.

மூன்று முதல் ஐந்து வயதுள்ள ஆண் குழந்தைகளிடம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்த குழந்தை எழும்போது முதலில் கையை ஊன்றி, பிறகு முழங்காலிலும் தொடையிலும் கைகளை வைத்து, தன் உடல்மீதே தான் ஏறுவதுபோல் எழுந்தால் அதற்குக் கோவர்ஸ் அறிகுறி என்று பெயர். அடிக்கடி விழுவதும், படியேறத் திணறுவதும், கெண்டைக்கால் வழக்கத்துக்கு மீறிப் பருத்திருப்பதும் சேர்ந்தால் தசைச்சிதைவு நோயா என்று பரிசோதிக்க வேண்டும். சீக்கிரம் கண்டறிந்தால் நடக்கும் காலத்தை நீட்டிக்கச் சிகிச்சை உண்டு.

தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு இத்தகைய பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம், அல்லது டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு நேரே போகலாம். குழந்தைநல மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோரை அங்கே ஒரே இடத்தில் பார்க்க முடியும். போகும்போது குழந்தை ஓடுவதையும், படியேறுவதையும், தரையிலிருந்து எழுவதையும் செல்போனில் சிறு வீடியோவாக எடுத்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவரின் அறையில் பயந்து அசையாமல் நிற்கும் குழந்தை, திடலில் எப்படி இயங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.